தராசுக்குத் தெரியாத உதை

அமெரிக்காவில் ‘பிராக்டிகல்’ வகைப் பெரிய கைத்துப்பாக்கிப் போட்டி எதற்குப் போனாலும் மைதானத்தின் ஓரத்தில் ஒரு மேசை போட்டிருப்பார்கள். அதன்மேல் ஒரு சிறு தராசு, தோட்டாவிலிருந்து குண்டைப் பிரித்தெடுக்க ஒரு கருவி, பக்கத்தில் வேகமானி. ஒவ்வொரு போட்டியாளரிடமிருந்தும் 8 தோட்டாக்களை நடுவர்கள் முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பார்கள். ஒன்றைப் பிரித்துக் குண்டை மட்டும் எடை போடுவார்கள். மூன்றை அவருடைய துப்பாக்கியிலேயே போட்டுச் சுட்டு வேகம் பார்ப்பார்கள். எடையையும் சராசரி வேகத்தையும் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் வருவது ‘பவர் ஃபேக்டர்’. அது குறைந்தது 125 இருக்க வேண்டும். மறுவாய்ப்பில் இன்னும் மூன்றைச் சுட்டும் தேறவில்லை என்றால், அந்த ஆள் மிச்சப் போட்டியைச் சுடலாம். மதிப்பெண் மட்டும் கிடையாது. 124.9999 என்றால் அது 125 அல்ல என்று விதிப்புத்தகமே சொல்கிறது. தசமப்புள்ளிக்கு இவ்வளவு கறார் காட்டும் விளையாட்டு வேறெதுவும் எனக்குச் சட்டென நினைவுக்கு வரவில்லை.

இந்த எண்ணில் மர்மம் எதுவும் இல்லை. குண்டின் எடையைக் கிரெய்ன் என்ற பழைய அளவில் எடுக்கிறார்கள். ஒரு கிரெய்ன் 65 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு, ஏறக்குறைய பாதிக் குன்றிமணி. வேகம் நொடிக்கு இத்தனை அடி என்ற கணக்கில். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது பத்தாம் வகுப்பில் படித்த உந்தம்தான். 125 என்பதை நம் அலகுக்கு மாற்றினால் சுமார் 2.47 கிலோகிராம்·மீட்டர்/நொடி.

ஒரு விளையாட்டுக்கு உந்தத்தை அளக்கும் வேலை ஏன் வந்தது? 1976இல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கூடிய சிலர் ஐ.பி.எஸ்.சி. என்ற பன்னாட்டு அமைப்பைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் ஜெஃப் கூப்பர், முன்னாள் அமெரிக்க மரைன் படை அதிகாரி. துல்லியம், வலிமை, வேகம் மூன்றும் சரிசமமாக வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. துல்லியத்துக்கு இலக்கில் வட்டம் போடலாம். வேகத்துக்குக் கடிகாரம் இருக்கிறது. வலிமையை எதால் அளப்பது? கூப்பருக்குப் பிடித்தது .45 அங்குலத் தோட்டா. அதன் 230 கிரெய்ன் குண்டு நொடிக்கு 850 அடி போகும். பவர் ஃபேக்டர் 195க்கு மேல். உதையே இல்லாத சின்னத் தோட்டாவை வைத்துக்கொண்டு ஒருவன் படபடவெனச் சுட்டுவிட்டுப் பரிசைத் தட்டிக்கொண்டு போவதை அவர் விரும்பவில்லை.

ஆரம்பத்தில் உந்தத்தை அளக்க அவர்கள் பயன்படுத்தியது எறிபொருள் ஊசல். தொங்கும் கனமான கட்டையில் குண்டைச் சுட்டுப் பதிய வைத்து, கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று பார்ப்பது. 1742இல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் உலகுக்குச் சொன்ன முறை அது. துப்பாக்கிக் குண்டின் வேகத்தை மனிதன் முதன்முதலில் ஒழுங்காக அறிந்தது அந்த ஊசலால்தான். இன்று ஒளி உணரிகள் இரண்டின்மேல் குண்டின் நிழல் விழும் நேர இடைவெளியைக் கணக்கிடுகிறார்கள். உள்ளங்கையளவு டாப்ளர் ரேடார்களும் வந்துவிட்டன.

ஐ.பி.எஸ்.சி.யின் அமெரிக்கப் பிரிவான யு.எஸ்.பி.எஸ்.ஏ. 1984இல் அமைந்தது. அதன் விதிப்படி 125ஐ எட்டினால் ‘மைனர்’, 165ஐ எட்டினால் ‘மேஜர்’. அட்டை இலக்கின் நடுப்பகுதியில் பட்டால் இருவருக்கும் 5 புள்ளி. அதைச் சுற்றியுள்ள பகுதியில் பட்டால் மேஜருக்கு 4, மைனருக்கு 3. இன்னும் வெளியே போனால் மேஜருக்கு 2, மைனருக்கு 1. மொத்தப் புள்ளியை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுப்பார்கள். 20 குண்டில் 14 நடுவிலும் 6 அடுத்த பகுதியிலும் பட்டன என்று வையுங்கள்: மேஜருக்கு 94, மைனருக்கு 88. மேஜர்காரர் 10 நொடி எடுத்தால், மைனர்காரர் அதே வேலையை ஏறத்தாழ 9.36 நொடியில் முடித்தால்தான் சமன். இந்த 0.64 நொடியை உதை குறைந்த துப்பாக்கி சம்பாதித்துக் கொடுக்குமா? இந்த விளையாட்டின் கருவிகள் எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கின்றன.

விதி பார்ப்பது குண்டின் உந்தத்தை மட்டும். கை உணர்வது அதை மட்டுமல்ல. குழல் வழியே குண்டு மட்டுமா போகிறது? எரிந்த வெடிமருந்தும் வாயுவாகி, குண்டைவிட வேகமாக வெளியே பாய்கிறது. அதற்கும் நிறை உண்டு, உந்தம் உண்டு. நியூட்டனின் மூன்றாம் விதிக்குக் குண்டு வேறு, புகை வேறு அல்ல. இரண்டுக்கும் சேர்த்துத்தான் துப்பாக்கி பின்னால் வருகிறது. தராசுக்கும் வேகமானிக்கும் அந்த வாயு தெரியாது.

9 மி.மீ. தோட்டாவில் 147 கிரெய்ன் குண்டைப் போட்டால் 125ஐத் தொட நொடிக்கு 851 அடி போதும். 115 கிரெய்ன் குண்டு என்றால் 1,087 அடி வேண்டும். இரண்டுக்கும் உந்தம் ஒன்றே. ஆனால் இயக்க ஆற்றல் கனத்த குண்டுக்கு 320 ஜூல், லேசான குண்டுக்கு 409 ஜூல். அந்தக் கூடுதல் ஆற்றல் வெடிமருந்திலிருந்துதானே வர வேண்டும்? அப்படியானால் கூடுதல் மருந்து, கூடுதல் வாயு, கூடுதல் உதை. போதாக்குறைக்கு, பாதுகாப்புக்காக 130 வரை ஏற்றினால் லேசான குண்டு ஒலியின் வேகத்தை எட்டிவிடும். கனத்த குண்டு அதற்கு வெகு கீழேயே நிற்கும். ஆகவே மைனர் பிரிவில் சுடுபவர்கள் கனத்த குண்டும், விரைந்து எரிந்து சீக்கிரம் தீரும் மருந்தும் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறார்கள். கனத்த குண்டு ‘தள்ளும்’, லேசானது ‘சுண்டும்’ என்பது அவர்கள் பேச்சு. இதில் கொஞ்சம் கற்பனையும் கலந்திருக்கிறது என்பது என் சந்தேகம். வாயுவின் பங்கு உண்மைதான். ஆனால் கண்ணைக் கட்டிவிட்டுச் சுடச் சொன்னால் எத்தனை பேர் 124 கிரெய்னையும் 147 கிரெய்னையும் பிரித்துச் சொல்வார்களோ! கண்ணால் பார்க்கக்கூடிய வித்தியாசம் ஒன்று உண்டு. மெதுவாகப் போகும் குண்டு குழலுக்குள் சற்று அதிக நேரம் இருப்பதால், துப்பாக்கி மேலெழத் தொடங்கிய பிறகே வெளியேறுகிறது. இலக்கில் கொஞ்சம் மேலே படுகிறது.

ஓப்பன் பிரிவுக்குப் போனால் கணக்கு தலைகீழ். இங்கே குழலின் முனையில் காம்பன்சேட்டர் பொருத்தலாம். மேற்புறம் துளையிட்ட ஓர் உலோக அறை அது. குண்டைத் தொடர்ந்து வரும் வாயு அந்தத் துளைகள் வழியே மேலே பாயும்போது குழல்முனையைக் கீழே அழுத்துகிறது. குழல் எப்போதும் கைக்கு மேலே இருப்பதால்தான் சுடும்போது முனை மேலே எழுகிறது. அந்த எழுச்சியை வாயுவே அடக்கிவிடுகிறது. ஆனால் அடக்குவதற்கு வாயு நிறைய வேண்டும், அதுவும் உயர் அழுத்தத்தில். எனவே லேசான குண்டு, மெல்ல எரியும் மருந்து, அதுவும் கூட்டில் கொள்ளும் மட்டும். மற்றவர்கள் ஒளிக்கப் பார்க்கும் வாயுவை இவர்கள் வேலைக்காரனாக்கிவிட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் ராப் லேதம், பிரையன் ஈனோஸ் என்ற இரு அரிசோனாக்காரர்கள் .38 சூப்பர் தோட்டாவை இப்படிப் பயன்படுத்தி .45காரர்களை ஓரங்கட்டினார்கள். 1929இல் கோல்ட் நிறுவனம் கொண்டுவந்து, பிறகு ஏறக்குறைய மறக்கப்பட்ட தோட்டா அது. கூப்பர் போற்றிய பெரிய குண்டைக் காப்பாற்றப் போட்ட விதியே, சின்னக் குண்டுக்கு வழி திறந்துவிட்டது. காம்பன்சேட்டருக்குக் கொடுக்கும் விலை சத்தம். பக்கத்தில் நிற்பவருக்கு நெஞ்சில் அறைவதுபோல் இருக்கும்.

உதையை நேரடியாக அளந்திருந்தால் இந்த வேடிக்கையெல்லாம் நடந்திராது. 18ஆம் நூற்றாண்டிலேயே ரம்ஃபோர்ட் பிரபு துப்பாக்கியையே தொங்கவிட்டுச் சுட்டு, அது பின்னால் ஆடும் தூரத்தைக் குறித்திருக்கிறார். போட்டி மைதானத்தில் அது நடைமுறைக்கு ஒத்துவராது என்பது சரி. ஆனாலும் அளக்க எளிதானதை அளக்கப் போய், அளவுகோலுக்கு ஏற்ப ஒரு தொழில்நுட்பமே வளர்ந்துவிட்டதை இந்த விளையாட்டில் தெளிவாகப் பார்க்கலாம்.

போட்டியாளர்கள் தோட்டாவை வீட்டிலேயே செய்துகொள்வதற்கு இந்தப் பவர் ஃபேக்டர் எண்தான் முதல் காரணம். ஆலைத் தோட்டா எல்லார் துப்பாக்கிக்கும் பொதுவாகச் செய்வது. தேவைக்கு மேல் உதைக்கும். எண்ணைச் சற்றே தாண்டி நிற்கும் தோட்டா வேண்டுமானால் நாமே செய்ய வேண்டும். மேஜர் அளவு .38 சூப்பரை ஆலைப் பெட்டியில் எளிதில் வாங்கிவிடவும் முடியாது. இரண்டாவது காரணம் காசு. தோட்டாவில் விலை உயர்ந்த பாகம் பித்தளைக் கூடு. அது சுட்ட பிறகும் தரையில் நம் காலடியிலேயே கிடக்கிறது. (அமெரிக்காவில் இது சாதாரண வீட்டுவேலை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.)

பித்தளைக்கு இந்த வேலைக்கென்றே ஒரு குணம் உண்டு. 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுடும் கணத்தில் கூடு விரிந்து குழலறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் ஒரு மயிரிழை சுருங்கிச் சுவரை விடுகிறது. அதனால்தான் வெளியே இழுக்க வருகிறது. ஆனால் பழைய அளவுக்கு முழுதாகத் திரும்புவதில்லை. அதை மறுபடி நெருக்கி அளவுக்குக் கொண்டுவருவது வீட்டில் தோட்டா செய்யும் பிரஸ்ஸின் முதல் வேலை. இப்படி விரிந்தும் நெருங்கியும் உலோகம் இறுகிப்போய், ஒருநாள் வாய்ப்பக்கம் விரிசல் விடும்.

கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமரைப் பற்றி ஒரு வேடிக்கை. 19ஆம் நூற்றாண்டில் இரண்டு வகை வந்தன. ஆங்கிலேயரான எட்வர்ட் பாக்ஸர் செய்த வகையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. ஒரு கம்பியை உள்ளே விட்டுத் தட்டினால் பழைய ப்ரைமர் விழுந்துவிடும். அமெரிக்கரான ஹைரம் பெர்டான் வகையில் ஓரமாக இரண்டு சிறு துளைகள், கம்பிக்கு வழியில்லை. அமெரிக்கா ஆங்கிலேயர் வகையை எடுத்துக்கொண்டது. ஐரோப்பா நெடுங்காலம் அமெரிக்கர் வகையை வைத்துக்கொண்டது. அமெரிக்கர்கள் பெர்டானோடு நின்றிருந்தால், தோட்டா செய்வது அந்த நாட்டுக் கார் ஷெட்டுகளில் பொழுதுபோக்காகப் பரவியிருக்குமா என்பது சந்தேகமே.

போட்டியாளர்களின் மேசையில் பெரும்பாலும் இருப்பது ‘புரோக்ரஸிவ்’ பிரஸ். அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் உள்ள டில்லன் நிறுவனத்தின் 550 அதில் பழகிய முகம். கீழே ஒரு வட்டத் தட்டு, அதில் நான்கு கூடுகள். மேலே நான்கு அச்சுகள். கைப்பிடியைக் கீழே இழுத்தால் தட்டு மேலேறி நான்கு கூட்டிலும் நான்கு வேலை ஒரே நேரத்தில் நடக்கும். முதலிடத்தில் டங்ஸ்டன் கார்பைடு வளையம் கூட்டை நெருக்கும், செத்த ப்ரைமர் கீழே விழும். இரண்டாமிடத்தில் வாய் இலேசாக அகன்று மருந்து உள்ளே இறங்கும். மூன்றில் குண்டு உட்காரும். நான்கில் அகன்ற வாய் மீண்டும் ஒடுங்கும். கைப்பிடியை மேலே விட்டு ஒரு அழுத்து முன்னால் தள்ளினால் புது ப்ரைமர் முதலாவது கூட்டில் ஏறும். இந்த ஒரு வேலைக்குக் கை உணர்வுதான் அளவுகோல்: ப்ரைமர் தட்டி நிற்பது விரலுக்குத் தெரிய வேண்டும், கூட்டின் அடிப்பரப்பைவிட ஒரு இழை உள்ளே போயிருக்க வேண்டும். பிறகு தட்டைக் கையால் ஒரு இடம் திருப்ப வேண்டும். அங்கேதான் ஆபத்து.

அந்த ஆபத்தைப் புரிந்துகொள்ள மருந்தின் குணம் தெரிய வேண்டும். வெடிமருந்து உண்மையில் வெடிப்பதில்லை, எரிகிறது. 1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேய் புகையற்ற மருந்தைச் செய்தார், நைட்ரோசெல்லுலோஸ்தான் அடிப்படை. சில வகைகளில் நைட்ரோகிளிசரினும் சேரும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கார்டைட்டை உற்பத்தி செய்யத்தான் நூறாண்டுக்கு முன்பே நீலகிரியில் அருவங்காடு ஆலை எழுந்தது. ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு அந்த ஸ்டேஷன் பெயர் ஞாபகம் இருக்கும். வியேய் கண்ட விதி ஒன்று இந்த மேசையில் தினமும் வேலை செய்கிறது: மருந்து எரியும் வேகம் சுற்றியுள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் ஏறினால் வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். இந்தச் சுழற்சி முழுவதும் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. 9 மி.மீ. தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்திருக்கும் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, கிட்டத்தட்ட 2,400 வளிமண்டல அழுத்தம். கூட்டின் கொள்ளளவோ மிகச் சிறிது. குண்டு சற்று ஆழமாக உட்கார்ந்துவிட்டால்கூட உள்ளே இடம் குறைந்து, அழுத்தம் எதிர்பாராத அளவுக்கு எகிறும். தோட்டாவின் மொத்த நீளத்தை வெர்னியரில் அளந்துகொண்டே இருப்பது அதனால்தான். எந்த மருந்து எவ்வளவு என்பது அதைச் செய்தவர்கள் சோதித்து வெளியிடும் கையேட்டில்தான் இருக்கிறது. சொந்த ஊகத்துக்கு இங்கே இடமில்லை.

மைனர்காரர்கள் விரும்பும் விரைமருந்துக்கு ஒரு வஞ்சகம் உண்டு. அது கூட்டில் பாதிகூட நிரம்பாது. தட்டைத் திருப்ப மறந்து கைப்பிடியை இரண்டாம் முறை இழுத்தால் இரட்டை மருந்தும் வழியாமல் உள்ளே அடங்கிவிடும். சுட்டால் கூடு கிழிந்து, துப்பாக்கியின் கைப்பிடிக்குள்ளேயே வாயு வெடித்து இறங்கும். இதற்கு நேர்மாறு, மருந்தே விழாத தோட்டா. ப்ரைமர் மட்டும் குண்டைத் தள்ளி குழலின் நடுவில் சிக்க வைக்கும். ‘டப்’ என்று மந்தமாக ஒரு சத்தம் வரும்; ஆவேசத்தில் அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும். அந்த மந்தச் சத்தம் கேட்டால் நடுவர் உடனே ‘ஸ்டாப்’ என்று கத்துவார். அனுபவசாலிகள் குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கொளியில் எட்டிப் பார்ப்பார்கள். தட்டு தானாகத் திரும்பும் ஐந்திட பிரஸ்களில் மருந்து மட்டத்தைச் சோதித்து, தவறினால் மணியடிக்கத் தனி இடமே உண்டு. என்னைக் கேட்டால் அந்த மணியோசையைவிடக் கண்ணையே அதிகம் நம்புவேன்.

125ஐ எவ்வளவு தாண்டி நிற்பது என்பதில்தான் புள்ளியியல் வருகிறது. ஒரே பெட்டியில் செய்த தோட்டாக்களின் வேகம் சராசரியிலிருந்து நொடிக்கு 10 அடி விலகுவது (நியம விலக்கம் 10 என்று பொருள்) சாதாரணம். 147 கிரெய்ன் குண்டுக்கு அது பவர் ஃபேக்டரில் 1.47. மூன்றின் சராசரி எடுப்பதால் விலகல் 0.85ஆகச் சுருங்கும். அப்படிப் பார்த்தால் 128 வைத்தாலே தாராளம். ஆனால் வீட்டில் அளந்த வேகமானி வேறு, போட்டியில் இருப்பது வேறு. காலைக் குளிரில் மருந்தின் போக்கும் மாறலாம். 130ஐ ஒட்டி வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள்தான் அதிகம்.

துப்பாக்கி விஷயத்தில் பெரிய தத்துவம் இல்லை: எடை கூடினால் உதை குறையும். செக் நாட்டின் ஷேடோ 2 ஏறத்தாழ 1.33 கிலோ, பெல்ட்டில் நாள்பூராவும் சுமக்க யாரும் விரும்பாத கனம், போட்டிக்கு அதுவே வரம். சுட்டதும் பின்னால் போய் மீளும் ஸ்லைடின் ஸ்பிரிங்கைத் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றுவார்கள். கடினமான ஸ்பிரிங் ஸ்லைடை வேகமாக மூடும்போது முனையைக் கீழே குத்தும். மிக மென்மையானது அடுத்த தோட்டாவை ஏற்றாமல் விட்டுவிடும்.

எழுதாமல் விட முடியாத ஒன்று ஈயம். குண்டில் இருப்பதைவிட ப்ரைமரில் இருப்பதுதான் நயவஞ்சகம். அதன் முக்கிய வேதிப்பொருள் லெட் ஸ்டிஃப்னேட். அது எரிந்து நுண்தூளாகக் கூட்டுக்குள்ளேயே படிகிறது. சுட்ட கூடுகளை உலர்ந்த தூளில் உருட்டிச் சுத்தம் செய்தால் அந்தத் தூசி காற்றில் கிளம்பும். பலர் இப்போது தண்ணீரும் மெல்லிய எஃகு ஊசிகளும் போட்டு உருட்டுவதற்கு இதுவே காரணம். மேசையருகே காபிக் கோப்பை வைக்கும் பழக்கத்தையும் விட்டாக வேண்டும்.

கடந்த பத்தாண்டில் காற்று வேறு பக்கம் வீசுகிறது. சிவப்புப் புள்ளி குறிபார்வைக் கருவியுடன் வரும் கேரி ஆப்டிக்ஸ் பிரிவில் எல்லாருக்கும் மைனர் மதிப்பெண்தான், கூட்டமும் அங்கேதான். ஆலைகளும் விழித்துக்கொண்டு, 125ஐ ஒட்டிய மென்மையான 147 கிரெய்ன் தோட்டாக்களைப் போட்டிக்கென்றே விற்கின்றன. வீட்டு பிரஸ் தரும் சுதந்திரம் எவ்வளவு என்பதும் 2020இல் தெரிந்தது. கூடு கையில் இருக்கிறது, குண்டை வார்த்துக்கொள்ளலாம், மருந்து டப்பாவில் சில ஆயிரம் தோட்டாவுக்கு இருக்கும். ப்ரைமரை மட்டும் வீட்டில் செய்ய முடியாது; தொட்டால் வெடிக்கும் சரக்கு. பெருந்தொற்றுக் காலத்தில் அது சந்தையிலிருந்தே மறைந்தது. 1,000 ப்ரைமரின் விலை மூன்று மடங்கைத் தாண்டியது. அமெரிக்காவில் பெயர் பெற்ற ப்ரைமர்கள் நான்கு: சி.சி.ஐ., ஃபெடரல், ரெமிங்டன், வின்செஸ்டர். அதே ஆண்டு ரெமிங்டன் திவாலாகி, அதன் தோட்டா ஆலை சி.சி.ஐ., ஃபெடரல் இரண்டையும் வைத்திருந்த நிறுவனத்திடமே போய்ச் சேர்ந்தது. 2024இல் அந்த மூன்றையும் சேர்த்து பிராகாவைச் சேர்ந்த ஒரு செக் நிறுவனம் வாங்கிவிட்டது.